நடுக்காவலனும் நம் தீர்ப்பும்

பிறர் ஆடும் ஆட்டத்தைக் கரையில் நின்று திருத்துவதைப் போன்ற எளிய பணி உலகில் வேறொன்று இல்லை. அதற்குப் பயிற்சி வேண்டுவதில்லை, மூச்சு வாங்குவதுமில்லை. ஒரு கையில் தேநீர்க் குவளையை ஏந்தியவாறே அதனைச் செவ்வனே செய்து முடிக்கலாம். திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ் மக்களாகிய நாம் இப்பணியில் மலையாள நண்பர்களுக்குச் சற்றும் இளைத்தவர்கள் அல்லோம். நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்தவர்கள், மொழியைக் கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டாலும், கால்பந்தாட்டத்தைப் பற்றி வாதிடுவதற்குச் சில மாதங்களே எடுத்துக்கொள்கின்றனர். தம்பானூர் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைகளிலும், சாலைக் கம்போளத்துக் கடைகளின் வாசலிலும், கரமனைப் பக்கத்து வீட்டுத் திண்ணைகளிலும் இவ்வாதம் நாள்தோறும் நடைபெறுவதை அன்பர்கள் அறிவர்.

இவ்வாதங்களில் அடிக்கடி அகப்பட்டுக்கொள்பவன் யார் என்று நாம் நெடுநாளாகக் கவனித்து வருகிறோம். கோல் போடத் தவறியவனை இரண்டு நாள் ஏசிவிட்டு மறந்துவிடுகிறோம். கோல்காப்பாளனின் பிழையை மழை மீதும் வழுக்கும் பந்து மீதும் சுமத்தி மன்னிக்கிறோம். ஆயின் நடுவில் நின்று காவல் புரியும் இளைஞன் ஒருவன், தனக்குப் பின்னே ஓடிய எதிரணி ஆட்டக்காரனைத் தவறவிட்டுவிட்டால், அவனை நாம் எளிதில் விடுவதில்லை. “பந்தைப் பறிப்பதில் சூரன்தான், அண்ணாச்சி, ஆனால் பின்னால் வருகிறவனைப் பார்க்கும் கண் அவனுக்கு இல்லையே” என்று ஒருவர் தொடங்குவார். “தம்பி, அவனுக்கு வயது இருபதுதானே? போகப் போகச் சரியாகிவிடும்” என்று மற்றவர் மறுப்பார். இவ்விருவருள் யார் சொல்வது சரி? இவ்வினாவைச் சற்று ஆழ்ந்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் நடுக்காவலனின் வேலை யாது என்பதைத் தெரிந்துகொள்வோம். பழைய ரசிகர்கள் ‘ஹாப்’ என்று அழைத்த வரிசையின் நடுவே நிற்பவன் அவன். இக்காலத்தார் தற்காப்பு மிட்ஃபீல்டர் என்கின்றனர். அவனுக்கு முன்னே தாக்குதல் படை. பின்னே தடுப்பாளர் வரிசை. எதிரி ஒருவன் பந்துடன் அவனை நோக்கி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். முன்னேறிச் சென்று பந்தைத் தடுக்கலாம். சென்றால் அவன் விட்டு வந்த இடம் வெறுமையாகும். அவ்விடத்தை நோக்கி இன்னொரு எதிரி ஓடிக்கொண்டிருப்பான். முன்னேறாமல் பின்வாங்கி அவ்விடத்தைக் காக்கலாம். காத்தால் பந்து வைத்திருப்பவனுக்குக் குறிபார்த்து அடிக்க ஓய்வு கிடைத்துவிடும். இவ்விரண்டில் எதைச் செய்வது என்பதை அவன் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்தாக வேண்டும். பந்து கண்முன்னே இருக்கிறது. ஆபத்தோ முதுகுக்குப் பின்னே இருக்கிறது. ஆகவேதான் தேர்ந்த நடுக்காவலன் ஆட்டத்தின்போது ஓயாமல் கழுத்தைத் திருப்பிப் பின்னே பார்த்துக்கொண்டேயிருப்பான். நாம் அதைப் பார்ப்பதில்லை; ஏனெனில் நம் கண்கள் பந்தின்மீதே இருக்கின்றன.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது புதிய செய்தியன்று. வண்டிகள் குறித்த நேரத்தில் வந்து குறித்த நேரத்தில் புறப்படும் நாட்களில், சிக்னல் கொடுத்தவரையும் பாயிண்ட்டுகளைத் திருப்பியவரையும் எந்தப் பயணியும் நினைப்பதில்லை. ஒரு வண்டி அரைமணி நேரம் தாமதித்துவிட்டால், அன்றைக்கு எல்லாருக்கும் அவர்களுடைய நினைவு வருகிறது. காவல் தொழில் அனைத்துக்கும் உள்ள விதி இது. செம்மையாகச் செய்யப்பட்ட காவலில் காண்பதற்கு ஒன்றும் இராது. பிழைபட்ட காவல் மட்டுமே காட்சியாகிறது.

இதற்கு ஜீக்சன் சிங் என்னும் இளைஞரின் கதை தக்க சான்று. அவர் மணிப்பூர் மாநிலத்துத் தௌபால் மாவட்டத்தில் 2001-ஆம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே வீட்டை விட்டு நெடுந்தொலைவிலுள்ள சண்டிகர் சென்று அங்குள்ள பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து கால்பந்து பயின்றார். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம்மனோர்க்கு, ஒரு சிறுவன் மொழி தெரியாத ஊரில் தங்கிக் கற்பது எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைப் போட்டி நம் நாட்டிலேயே நடைபெற்றது. அக்டோபர் 9-ஆம் நாள் டில்லியில் கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டத்தில், 82-ஆவது நிமிடத்தில், சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னர் பந்தை ஜீக்சன் தலையால் முட்டிக் கோலாக்கினார். உலகக் கோப்பைப் போட்டியொன்றில் இந்திய நாடு பெற்ற முதல் கோல் அதுவே. அப்போது அவருக்கு வயது 16. நாடெங்கும் அவர் பெயர் ஒலித்தது.

அந்தக் கோலுக்கு அடுத்த நிமிடத்தில் என்ன நடந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். நம் இளைஞர்கள் மகிழ்ச்சி வெள்ளத்திலிருந்து மீண்டு தத்தம் இடத்தில் அமைவதற்குள், 83-ஆவது நிமிடத்தில், கொலம்பியா இரண்டாவது கோலைப் போட்டுவிட்டது. பெனலோசா என்பவரே அன்று அவர்களுடைய இரு கோல்களையும் போட்டவர். 2–1 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. ஓர் அணி கோல் போட்டவுடனே காவல் குலைந்து நிற்பது கால்பந்தின் பழைய நோய். அதற்குப் பதினொருவரும் பொறுப்பாளிகள். குறிப்பாக யாரையும் சுட்டுவதற்கில்லை. எனினும் இவ்விரண்டு நிமிடங்களிலும் நாம் கற்கத்தக்க பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எதிரியின் கோலுக்கு முன்னே எழும்பிப் பந்தை முட்டுவதற்கு உயரமும் துணிவும் போதும். அடுத்த கணமே ஓடி வந்து தன் இடத்தில் நின்று பின்னே பார்ப்பதற்குப் பழக்கம் வேண்டும். முன்னது இளமையிலேயே வாய்க்கலாம். பின்னது ஆடி ஆடியே வர வேண்டும்.

பிறகு ஜீக்சன் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் மஞ்சள் உடையை அணிந்தார். 2019–20 பருவத்தில் ஐ.எஸ்.எல். ஆட்டங்களில் இறங்கினார். இங்குதான் நம் தேநீர்க்கடை நீதிமன்றங்களில் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. பந்தைப் பறிக்கிறார், தலையால் முட்டுகிறார், எல்லாம் சரி. எதிரியின் நீண்ட பந்து தலைக்கு மேலே சென்றால் திரும்புவதற்குள் காலம் கடந்துவிடுகிறதே என்றனர் ஒரு சாரார். அவ்வளவு உயரமானவர் அவ்வளவுதான் விரைவாகத் திரும்ப இயலும், இடத்தை முன்கூட்டி அறியக் கற்றுக்கொண்டால் விரைவு தேவைப்படாது என்றனர் மற்றொரு சாரார்.

இவ்வழக்கில் இரு சாராரும் கவனியாத செய்தி ஒன்றுண்டு. கொள்ளை நோயின் காரணமாக 2020–21, 2021–22 ஆகிய இரண்டு பருவங்களிலும் ஐ.எஸ்.எல். ஆட்டங்கள் யாவும் கோவாவிலேயே நடத்தப்பட்டன, பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை. அதாவது, ஜீக்சன் தம் பத்தொன்பதாம் இருபதாம் வயதுகளில் தொழிலைக் கற்றுக்கொண்ட காலத்தில், நம்மில் ஒருவரேனும் அவரை நேரில் பார்க்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்தோம். தொலைக்காட்சியின் காமிராவோ நம்மைவிடப் பெரிய பந்துப் பித்தன். பந்து சென்ற இடத்துக்கே அதுவும் செல்கிறது. நடுக்காவலன் பத்துமுறை சரியான இடத்தில் நின்றதால் எதிரி பந்தை அப்பக்கம் அனுப்பாமலேயே விட்டிருந்தால், அப்பத்தும் திரையில் வருவதில்லை. பதினோராம் முறை தவறி, அவன் மூச்சிரைக்க எதிரியின் பின்னே ஓடும்போது மட்டும் அவன் திரைக்குள் நுழைகிறான். முழு வழக்கையும் கேளாமல், இறுதிச் சாட்சியை மட்டும் கேட்டு எழுதிய தீர்ப்பல்லவா நம்முடையது?

அதே பருவங்களில் வேறு காட்சிகளும் இருந்தன. 2020 டிசம்பரில் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு எதிரான ஆட்டம் தோல்வியில் முடியும் தறுவாயில், கூடுதல் நிமிடங்களில் ஜீக்சன் தலையால் முட்டிய பந்தே ஆட்டத்தைச் சமன் செய்தது. அன்று அவர் நம் கண்ணின் மணி. 2022 மார்ச் 20-ஆம் நாள் பட்டோர்டா அரங்கில் இறுதியாட்டம் நடைபெற்றது. அன்று மட்டும் அரங்கின் கதவுகள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. கேரளத்திலிருந்து மட்காவ் நோக்கி மஞ்சள் சட்டைக் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டது. ராகுல் 68-ஆவது நிமிடத்தில் கோல் போட்டார். 88-ஆவது நிமிடத்தில் ஐதராபாதின் சாகில் டவோரா, காவல் வரிசைக்கு முன்னேயுள்ள வெளியிலிருந்து பந்தை அந்தரத்திலேயே அடித்துச் சமன் செய்தார். பின்னர் பெனால்டி அடிகளில் 3–1 என்று பிளாஸ்டர்ஸ் தோற்றது. ஐதராபாதின் கோல்காப்பாளர் கட்டிமணி தடுத்த அடிகளுள் ஜீக்சனுடையதும் ஒன்று. அன்றிரவு அவர் பலருடைய கண்ணில் தூசியானார். பதினைந்து மாதங்களுக்குள் அதே இளைஞர் மணியாகவும் தூசியாகவும் மாறியது அவர் ஆட்டத்தால் மட்டுமா, நம் கண்ணாலுமா?

இது கேரளத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய மக்களும் மருமக்களும் அமெரிக்காவில் வாழ்கின்றனர். அந்நாட்டாரும் ‘ஃபுட்பால்’ என்று ஓர் ஆட்டம் ஆடுகின்றனர். எனினும் அது நம் ஆட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், தொலைவில் ஓடும் தோழனுக்கு எறிவதுமே அதன் சாரம். அதிலும் ஒரு நடுக்காவலன் உண்டு. அவனை லைன்பேக்கர் என்கின்றனர். பந்தை ஏந்தி நேரே ஓடி வருபவனை முட்டி வீழ்த்துவது அவன் முதல் வேலை. எதிரணித் தலைவன் பந்தை எறியப் போகிறான் என்று தெரிந்தால், உடனே பின்வாங்கி, பந்தைப் பிடிக்க ஓடுபவனைத் தொடர்வது அவன் இரண்டாம் வேலை. ஓடப் போகிறானா எறியப் போகிறானா என்பதை எதிரி முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒன்றைச் செய்வதுபோலக் காட்டி மற்றதைச் செய்வதே அவனது சாமர்த்தியம். ஆகவே, அங்கும் ரசிகர்கள் வாதிடுவது இதனையே: “முட்டுகிறான், சரி, பின்னே ஓடுபவனைக் காக்கிறானா?”

2020-இல் ஐசையா சிம்மன்ஸ் என்னும் இளைஞரை அரிசோனா கார்டினல்ஸ் அணி, அவ்வாண்டுத் தேர்வில் எட்டாமவராக எடுத்துக்கொண்டது. கல்லூரியில் பல இடங்களில் மாறி மாறி ஆடி, சிறந்த லைன்பேக்கருக்கான விருதையும் பெற்றவர் அவர். அவ்வாண்டு கொள்ளை நோயின் காரணமாகப் பருவத்துக்கு முந்திய பயிற்சி ஆட்டங்கள் நடைபெறவில்லை. செப்டம்பர் 13-ஆம் நாள் முதல் ஆட்டத்திலேயே, சான்பிரான்சிஸ்கோ அணியின் மோஸ்டர்ட் என்பவர் அவருடைய காவலைக் கடந்து, பந்தைப் பிடித்து 76 கெஜம் ஓடி எல்லைக்கோட்டை அடைந்தார். அரிசோனா அவ்வாட்டத்தில் 24–20 என்று வென்றது. வென்றும் என்ன? அந்த 76 கெஜமே அவர்மீது எழுதப்பட்ட தீர்ப்பாயிற்று. ஆறு வாரங்கள் கழிந்தன. அக்டோபர் 25-ஆம் நாள், அதுவரை தோல்வியே காணாத சியாட்டில் அணியுடன் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. புகழ்பெற்ற ரசல் வில்சன் எறிந்த பந்தைச் சிம்மன்ஸ் இடைமறித்துப் பிடித்தார். அதனால் கிடைத்த வாய்ப்பில் அரிசோனா 37–34 என்று வென்றது. தூற்றியவர்களே தோளில் தூக்கினர்.

இக்கதை இங்கே முடிந்திருப்பின் இனிய நீதிக்கதையாக இருக்கும். உண்மை அத்துணை இனியதன்று. சிம்மன்ஸ் அவ்வணியில் நிலைபெற்ற காவலராக வளரவில்லை. அவர் நிற்கும் இடம் மாற்றப்பட்டது. 2023 ஆகஸ்டில் வேறோர் அணிக்கு மிகக் குறைந்த ஈட்டுக்கு அனுப்பப்பட்டார். ஆகவே ‘இளைஞன்தானே, போகப் போகச் சரியாகிவிடும்’ என்று சொல்பவர்களும் எப்போதும் வெல்வதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிலர் தேறுவர், சிலர் தேறார். முதல் ஆட்டத்தின் 76 கெஜத்தை வைத்தும் அதனைச் சொல்ல முடியாது; ஏழாம் ஆட்டத்தின் ஒரு பிடியை வைத்தும் சொல்ல முடியாது. ஒரு காவலனை அளக்க ஒரு கணம் போதாது. அவனுக்கு ஒரே இடமும், ஒரே வேலையும், சில பருவங்களும் தந்து பார்த்த பிறகே அவனை அளக்கலாம்.

நிற்க. நம் கேரளத்துப் பழைய வரலாற்றையும் சிறிது நோக்குவோம். கேரளம் சந்தோஷ் கோப்பையை முதன்முதலில் வென்றது 1973-இல், எர்ணாகுளத்தில். தோற்ற அணி வேறெதுவுமன்று, நம் ரயில்வே அணிதான்! கேப்டன் மணி போட்ட 3 கோல்களை இன்றும் முதியவர்கள் எண்ணிச் சொல்வர். அன்று நடுவில் நின்று காத்தவர் யார் என்று கேட்டால், அவர்களுள் பெரும்பாலோர் மேலே பார்த்து யோசிப்பர். அடுத்த வெற்றிக்குக் கேரளம் 1992 வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்கு முன் தொடர்ந்து 4 இறுதியாட்டங்களில் தோற்றது. ஐந்தாவது முறை கோயம்புத்தூரில், கோவாவை 3–0 என்று வென்று கோப்பையைக் கொணர்ந்த அணியின் தலைவர் வி. பி. சத்யன். அவர் கோல் போட்டுப் புகழ் பெற்றவரல்லர், தடுப்பாளர். கேரளப் போலீஸ் அணியில் வளர்ந்து, இந்திய அணிக்கும் தலைமை தாங்கி, பின்னர் சென்னையில் இந்தியன் வங்கியில் பணிபுரிந்தவர். தடுப்பாளர் ஒருவரைத் தலைவராக ஏற்று, நான்கு தோல்விகளுக்குப் பிறகும் பொறுமை இழக்காமல் காத்திருந்தது இம்மண். அந்தப் பொறுமையை நாம் இப்போது எங்கே வைத்துவிட்டோம்?

ஆட்டக்காரனைக் குறை கூறவே கூடாது என்பது நம் கருத்தன்று. காசு கொடுத்துப் பார்ப்பவனுக்குக் கருத்துச் சொல்ல உரிமையுண்டு. ஐந்து ஆண்டு ஆடிய பின்னும் பின்னே திரும்பிப் பாராத காவலனை, பாரவில்லை என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் குறை கூறுமுன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்வது நன்று. அந்தக் கணத்தில் அவனுக்கு இடப்பட்ட வேலை யாது? அவன் முன்னேறியபோது அவன் இடத்தை நிரப்ப வேண்டியவன் எங்கே இருந்தான்? இதே பிழை சென்ற மாதத்தைவிட இம்மாதம் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தவர் தாராளமாகத் தீர்ப்பு வழங்கலாம். ஜீக்சன் 2024-இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்குச் சென்றார். அன்று வரை அவரைக் குறை கூறியவர்களே, அவர் போன பிறகு, “நடுவில் நிற்க ஆளில்லையே” என்று வருந்தியதைத் தம்பானூரில் நம் காதாலேயே கேட்டோம். வெற்றிடம் தெரிந்த பிறகுதான் காவலன் தெரிகிறான்.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் வெகு தொலைவில் இல்லை. நம் குடும்பங்களைச் சேர்ந்த சிறுவர்கள் ஞாயிறுதோறும் மாலையில் கூடிப் பந்தாடுகின்றனர். அவர்களுள் பன்னிரண்டு வயதுடைய ஒருவன் நடுவில் நின்று ஆடுபவன். சில வாரங்களுக்கு முன், அவன் பின்னே ஓடிய பையனைத் தவறவிட்டதால் ஒரு கோல் விழுந்தது. கரையில் நின்ற பெரியவர்களாகிய நாம் சிரித்தோம். சிலர் அவன் பெயரைச் சொல்லிக் கேலியும் பேசினர். பேசியவர்களுக்கு அது பொழுதுபோக்கு. அவனோ அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. தாயார் கேட்டதற்கு, “எனக்குப் படிக்க இருக்கிறது, அம்மா” என்றானாம். அந்தச் சிறுவன் நாளை பெரிய ஆட்டக்காரனாக வருவானா என்பதன்று கேள்வி. மொழியும் ஊரும் மாறிய இடத்தில் நம் பிள்ளைகள் அண்டை வீட்டுப் பிள்ளைகளுடன் தோளோடு தோள் நிற்கக் கிடைத்த இடம் அம்மைதானம். அங்கே நாணப்படுத்தப்பட்ட பிள்ளை, வேறெங்கும் நடுவில் நிற்கத் துணிவானா?

ஆதலின் அன்பர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். திருவனந்தபுரம் கொம்பன்ஸ் அணியினர் ஆடுவதைக் காணவோ, வேறு போட்டிகளைக் காணவோ சந்திரசேகரன் நாயர் அரங்குக்குச் செல்லும் நாளில், பதினைந்து நிமிடமாவது பந்தைப் பாராமல் நடுக்காவலன் ஒருவனையே பாருங்கள். அவன் எத்தனைமுறை கழுத்தைத் திருப்புகிறான், எத்தனைமுறை இரண்டடி நகர்ந்து ஒரு வழியை அடைக்கிறான், கைகாட்டித் தோழனை எங்கே நிறுத்துகிறான் என்று எண்ணிப் பாருங்கள். உடன் உங்கள் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று அவற்றைச் சுட்டிக் காட்டுங்கள். பந்து தன்னிடம் வராமலேயே ஒருவன் நன்றாக ஆட முடியும் என்பதை அவர்கள் காணட்டும்.

வரும் ஞாயிறு மாலை சிறுவர்களின் ஆட்டம் வழக்கம்போல் நடைபெறும். அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வீட்டுக்குச் சனிக்கிழமையே நாம் சென்று அவனை அழைப்பதாக இருக்கிறோம். கரைக்கு வருபவர்கள் உரக்கக் கூவலாம், கைதட்டலாம். யார் பெயரையும் சொல்லிச் சிரிக்க மட்டும் வேண்டா.